அண்ணரின் மூச்சும் மூளைத்தண்டின் வரைபடமும்

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒழுங்கை ஒன்றில் 1980களில் ஒரு சிறிய அச்சகம் இயங்கி வந்தது. திருமண அழைப்பிதழ்கள், கோவில் திருவிழாத் துண்டுப் பிரசுரங்கள், அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் கல்வெட்டுகள் ஆகியவையே அங்கு பெரும்பாலும் அச்சாகின. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரான என்னுடைய அண்ணர் அங்கு அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றினார். பாடசாலை விட்டதும் அவருக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அவர் உண்டு முடிக்கும்வரை அந்த எழுத்துப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஈய எழுத்துகள் நூற்றுக்கணக்கான சிறு அறைகளில் கிடக்கும். எந்த அறையில் எந்த எழுத்து என்பதற்கு அடையாளச் சீட்டு எதுவும் இராது. அண்ணர் பெட்டியைப் பார்ப்பதேயில்லை. கண்கள் கைப்பிரதியில் இருக்க, வலது கை தானாகச் சென்று 'ழ'வையும் 'ஞ'வையும் எடுத்து வரும். "எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆர் எங்க இருக்கினம் எண்டு தெரிஞ்சாத்தானே தம்பி கூப்பிடலாம்" என்றார்.

அந்தப் பதிலை எத்தனையோ ஆண்டுகளின் பின்னர் வேறொரு விடயத்தைப் படிக்கும்போது மீண்டும் நினைக்க நேர்ந்தது. அதைப்பற்றியே இன்று எழுதப் போகிறேன். விடயம் விஞ்ஞானம் சார்ந்தது. எழுதுபவனோ பேராதனையில் கலைப்பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி அறையில் அமர்ந்திருப்பவன். எனவே ஒரு பத்திரிகையாளன் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்ட அளவில்தான் சொல்ல முடியும்.

அண்ணருக்கு நோயின் முதல் அறிகுறி 2008ஆம் ஆண்டில் தோன்றியது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. அச்சுக்கோப்புத் தொழில் மறைந்துபோய், அவர் மெய்ப்புத் திருத்துபவராக மாறிப் பல ஆண்டுகள் கடந்திருந்தன. எழுந்து நின்றால் தலைசுற்றி விழுவார். பின்னர் நடை தள்ளாடத் தொடங்கியது, பேச்சுக் குழறியது. ஒழுங்கையில் இருந்தவர்கள் அவர் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். வாழ்நாளில் ஒரு துளி மது அருந்தாத மனிதர் அவர். "விழுந்து எழும்புறதைவிட இந்தக் கதையைக் கேக்கிறதுதான் பெரிய வருத்தம்" என்று அண்ணி ஒருநாள் அழுதார்.

இரண்டு ஆண்டுகள் பல இடங்களுக்கு அலைந்த பின்னர், நரம்பியல் நிபுணர் ஒருவர் நோயின் பெயரைச் சொன்னார்: மல்ட்டிபிள் சிஸ்டம் அட்ரோபி. பல்தொகுதிச் சிதைவு என்று தமிழில் சொல்லலாம். ஆல்பா சைனுக்ளீன் என்ற புரதம் மூளையின் துணைக்கலங்களுக்குள் திரண்டு, நடை, குருதி அழுத்தம், சிறுநீர், விழுங்கல், மூச்சு ஆகியவற்றை ஆளும் பகுதிகள் ஒவ்வொன்றாக அழிந்துபோகும் நோய் அது. நோயை நிறுத்தும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இறுதி இரண்டு ஆண்டுகளில் இரவுகள்தான் கொடுமையாயின. உறக்கத்தில் மூச்சை உள்ளிழுக்கும்போது, அறுத்த தகரத்தை இழுப்பது போன்றதொரு கீச்சொலி எழும். சில வேளை ஒலி நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். அண்ணி எண்ணத் தொடங்குவார். பத்து, பதினைந்து, இருபது. பின்னர் தோளைப் பிடித்து உலுக்குவார். முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் இயந்திரமொன்றை நிபுணர் பரிந்துரைத்தார். ரொரன்ரோவிலிருக்கும் உறவினர்கள் பணம் அனுப்ப, அதனை வாங்கினோம். ஆனால், அதைப் பூட்டிக்கொண்டு அவரால் உறங்க முடியவில்லை. ஆகவே முறை வைத்துக் காவல் இருந்தோம். பத்திரிகை அச்சுக்குப் போன பின்னர், வாரத்தில் மூன்று இரவுகள் நான் வெள்ளவத்தை வீட்டிற்குச் செல்லாமல் முச்சக்கரவண்டியில் கொட்டாஞ்சேனைக்குச் செல்வேன். அண்ணி படுப்பார்; நான் எண்ணுவேன்.

2014 மார்ச் 29ஆம் திகதி மேல், தென் மாகாண சபைத் தேர்தல்கள் நடைபெற்றன. அன்றிரவு என் முறை. முடிவுகள் வரத் தாமதமாகின. விருப்பு வாக்குகளின் பட்டியலுக்காகக் காத்துக்கொண்டு செய்தி ஆசிரிய பீடத்திலேயே விடியும்வரை இருந்துவிட்டேன். அண்ணி தனியாக இருந்தார். அதற்கு முந்திய இரண்டு இரவுகளும் அவர் உறங்கியிருக்கவில்லை. அதிகாலையில் சற்றே கண்ணயர்ந்தார். விழித்தபோது அறையில் ஒலி இல்லை.

வைத்தியசாலையில் ஓர் இளம் வைத்தியர் என்னைத் தனியே அழைத்தார். இந்நோய் அரிதானது, மூளையை ஆய்வுக்குத் தரக் குடும்பத்தினர் சம்மதிப்பீர்களா என்று மிகுந்த தயக்கத்துடன் வினவினார். அண்ணி பத்தடி தூரத்தில் வாங்கில் அமர்ந்திருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. "அப்படியான கதையெல்லாம் இப்ப வேண்டாம் டொக்டர்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சென்றார். அந்த உரையாடல் ஒரு நிமிடம்கூட நீடித்திராது.

மூளைத்தண்டு என்பது முள்ளந்தண்டு வடத்தின் உச்சியில், பெருமூளைக்குக் கீழே அமைந்திருக்கும் பகுதி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். நடுமூளை, வரோலியின் பாலம், நீள்வளைய மையவிழையம் என்று மூன்று பாகங்கள் கொண்டது. உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புப் பாதைகளும் மூளையிலிருந்து உடலுக்கு வரும் பாதைகளும் இதனூடாகவே செல்கின்றன. பாதைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில், மூச்சு, விழுங்கல், இருமல், வாந்தி, குருதி அழுத்தம், விழிப்பு ஆகியவற்றை இயக்கும் நரம்புக்கலத் திரள்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள் வாழ்வது போலத்தான். வேறுபாடு என்னவென்றால், இங்கு சுவரும் இல்லை. சாதாரண சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஒரு திரள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பல இடங்களில் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய உதவியவை நரம்புப் பெப்டைட்டுகள். அமினோ அமிலங்கள் சில கோக்கப்பட்டு உருவாகும் சிறு சங்கிலிகள் அவை. நரம்புக்கலங்கள் தமக்குள் செய்தி அனுப்ப அவற்றைப் பயன்படுத்துகின்றன. எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைப்பது போன்றது என்று நான் விளங்கிக்கொண்டேன். என்கெபலின் என்பது ஐந்து எழுத்துச் சொல். சப்ஸ்டன்ஸ் பி என்பது பதினொரு எழுத்துச் சொல்.

சப்ஸ்டன்ஸ் பி கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1931இல் இலண்டனில் ஊல்ஃப் வொன் ஒய்லர், ஜோன் கடம் ஆகிய இருவரும் குதிரையின் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரித்தெடுத்த சாற்றில் குருதி அழுத்தத்தைக் குறைக்கும் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டார்கள். அது இன்னதென்று தெரியாமையால் 'பி' என்ற ஓர் எழுத்தையே பெயராக வைத்தார்கள். அதன் பதினொரு அமினோ அமிலங்களின் வரிசை சூசன் லீமனின் ஆய்வுகூடத்தில் அறியப்பட்டு வெளிவந்தது 1971இல்தான். நாற்பது ஆண்டுகள் அது பெயரளவில் மட்டுமே அறியப்பட்ட ஒரு பொருளாக இருந்தது. என்கெபலினை 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் ஆகியோர் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். உடலே தயாரித்துக்கொள்ளும் அபின் போன்றது அது.

வரிசை தெரிந்ததும், அந்தப் பெப்டைட்டை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை உருவாக்க முடிந்தது. இறந்தவர் ஒருவரின் மூளைத்தண்டைச் சில மணித்தியாலங்களுக்குள் எடுத்துப் போமலினில் பதப்படுத்துகிறார்கள். பின்னர் தலைமயிரின் தடிப்பளவிலும் அதற்குக் குறைவாகவும் நூற்றுக்கணக்கான சீவல்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு சீவல்மீதும் பிறபொருளெதிரியை இட்டு, அது பற்றிய இடத்தில் கபில நிறம் தோன்றச் செய்கிறார்கள். ஒரு சீவலில் என்கெபலின், அடுத்ததில் சப்ஸ்டன்ஸ் பி, அதற்கடுத்ததில் சோமட்டோஸ்ரற்றின். கலம் எங்கே, அதன் நார்கள் எங்கே, அடர்த்தி எவ்வளவு என்று கீழிருந்து மேலாகக் குறித்துக்கொண்டே செல்ல, ஒரு வரைபடம் உருவாகிறது. முகத்தின் நோவையும் சூட்டையும் ஏற்கும் முந்நரம்பின் கருவில் சப்ஸ்டன்ஸ் பி அடர்ந்திருக்கிறது. நோவைத் தணிக்கும் என்கெபலினும் அதே இடத்தில் காணப்படுகிறது. நோவும் அதன் மருந்தும் ஒரே அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த வரைபடங்களால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மகரகமைக்குச் சென்று வராத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. புற்றுநோய் மருந்து ஏற்றிய பின்னர் வரும் வாந்தி எத்தகையது என்பதைப் பலர் அறிவோம். அந்த வாந்தியைத் தூண்டும் நீள்வளைய மையவிழையப் பகுதியில் சப்ஸ்டன்ஸ் பி தொழிற்படுகிறது. அதன் ஏற்பியான என்.கே.1ஐ அடைத்துவிடும் அப்ரெப்பிற்றன்ற் என்ற மருந்து 2003இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சீ.ஜீ.ஆர்.பி. என்ற மற்றொரு பெப்டைட்டு முந்நரம்புத் தொகுதியில் இருப்பதைப் பின்தொடர்ந்து சென்றதன் விளைவாகவே, ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் புதிய மருந்துகள் 2018 முதல் வந்தன. அதற்காக நால்வருக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான டென்மார்க்கின் உயரிய பரிசு கிடைத்தது.

எனக்கு முக்கியமாகப் பட்டது மூச்சின் கதை. 1991இல் ஜெக் ஃபெல்ட்மன், ஜெப்ரி ஸ்மித் ஆகியோரும் உடனிருந்தவர்களும், எலியின் நீள்வளைய மையவிழையத்தில் மூச்சின் தாளத்தை உருவாக்கும் ஒரு சிறு திரளை அடையாளம் கண்டதாக அறிவித்தனர். பிரீ-பொட்சிங்கர் தொகுதி என்பது அதன் பெயர். பொட்சிங்கர் என்பது ஒரு விஞ்ஞானியின் பெயரன்று. 1978இல் ஜெர்மனியில் நடந்த கூட்டமொன்றில், மேசையிலிருந்த வைன் போத்தலின் பெயரை ஃபெல்ட்மன் அயலிலுள்ள பகுதிக்குச் சூட்டினார். 'முன்' என்ற அடைமொழியுடன் அது இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மனிதனின் முதல் மூச்சும் கடைசி மூச்சும் ஒரு மதுப் போத்தலின் பெயரில் இருக்கின்றன. குடிகாரர் என்று பெயரெடுத்த என் அண்ணர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இத்திரளைச் சுற்றியுள்ள கலங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டிய அடையாளங்களில் ஒன்று, 1999இல் தெரியவந்த சப்ஸ்டன்ஸ் பியின் ஏற்பி. 2001இல் அதே குழுவினர் சப்ஸ்டன்ஸ் பியுடன் ஒரு நஞ்சைப் பிணைத்து எலிகளில் அந்தக் கலங்களை மட்டும் அழித்தனர்; மூச்சு ஒழுங்கிழந்து தடுமாறியது. 2005இல் வெளிவந்த தொடர் ஆய்வுதான் என்னை நிறுத்தி வைத்தது. கலங்கள் அழியத் தொடங்கியதும் மூச்சு முதலில் தடைப்பட்டது விழிப்பிலன்று, உறக்கத்தில்.

எலிகளுக்கு நிகழ்ந்தது மனிதருக்கும் பொருந்துமா? 2003இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த எடுவார்டோ பெனரோக்கும் அவரது குழுவினரும், பல்தொகுதிச் சிதைவு நோயால் இறந்தோரின் மூளைத்தண்டுகளை ஆராய்ந்து, என்.கே.1 ஏற்பி கொண்ட கலங்கள் அப்பகுதியில் வெகுவாகக் குறைந்திருந்ததைக் கண்டனர். 2011இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், என்.கே.1 ஏற்பியையும் சோமட்டோஸ்ரற்றினையும் அடையாளமாகக் கொண்டு, மனித மூளையில் இந்தத் தொகுதி இருக்குமிடத்தை விரிவாக வரைந்து காட்டினர்; இந்நோயாளரிடம் அது சிதைந்திருந்ததையும் பதிவு செய்தனர். அந்த ஆண்டில் என் அண்ணர் உயிருடன் இருந்தார். அந்தக் கட்டுரை வெளிவந்த காலத்தில்தான் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இரவில் எண்ணத் தொடங்கியிருந்தோம்.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்தது 2024ஆம் ஆண்டின் இறுதியில். அவ்வாண்டு டிசெம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற பெயரில் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. கருவின் நடுமூன்று மாதக் காலத்தைச் சேர்ந்த ஐந்து மூளைகளின் 5132 சீவல்கள், முப்பரிமாணத்தில், உலகில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய வகையில் தரப்பட்டுள்ளன. அது பெப்டைட்டுகளின் வரைபடமன்று, கலங்களின் வரைபடம். ஆயினும் செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கை நின்றது. அந்த ஐந்து மூளைகளும் ஐந்து தாய்மாரின் இழப்புகள். அவர்களிடம் யாரோ ஒருவர் தயக்கத்துடன் ஒரு கேள்வியைக் கேட்டிருப்பார். அவர்கள் ஆம் என்றிருக்கிறார்கள்.

நம் அயலில் இதற்கு முன்னுதாரணங்களும் உள்ளன. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 1995இல் பேராசிரியர் எஸ்.கே. சங்கர் தொடங்கிய மனித மூளைத் திசு வங்கி இன்றும் இயங்குகிறது. இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தினர், நிம்ஹான்ஸ் முதலிய நிறுவனங்களுடன் இணைந்து, இறந்துபோன முதியோரின் மூளைகளை ஆராய்ந்து 2016இல் அல்சைமர் நோய் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கத்தின் வழியாக உலகெங்கும் கண்களை அனுப்பிவைத்த நாடு இது. கண்ணைக் கொடுக்கத் தயங்காத நாம் மூளை என்றதும் திடுக்கிடுகிறோம். கண்ணால் இன்னொருவர் பார்ப்பார் என்பதை மனத்தில் காண முடிகிறது. சீவல்களாக வெட்டி நிறமூட்டிக் கண்ணாடித் தகட்டில் வைப்பதை அவ்வாறு காண முடியவில்லை. என் மறுப்புக்குக் காரணமும் அதுவாகவே இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அண்ணரின் திவசம் நெருங்கிய ஒரு ஞாயிறன்று, அண்ணி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். தேநீர் அருந்திக்கொண்டிருக்கும்போது, நான் படித்தவற்றை அவருக்குச் சொன்னேன். மூச்சைத் தூண்டும் கலங்கள் இருக்குமிடம், அவை இந்நோயில் அழிவது, அழிந்தால் உறக்கத்தில் மூச்சு நிற்பது. தொண்டையின் குரல்நாண்கள் மூடிக்கொள்வதாலும் இந்நோயில் மரணம் நேர்வதுண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. கடற்கரைப் பாதையில் ஒரு ரயில் கடந்து சென்றது. பின்னர் சொன்னார்:

"நான் கண்ணயர்ந்ததாலதான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன் தம்பி. இவ்வளவு வருசமும்."

அதன் பின்னரே ஆஸ்பத்திரியில் அந்த வைத்தியர் கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால், பாதி உண்மையைச் செய்தியாக்கக் கூடாது என்று இளம் நிருபர்களுக்குப் போதிப்பவன் நான்.

"என்னைக் கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன்" என்றார் அண்ணி. கோபத்துடன் சொல்லவில்லை. "அவர் தன்ர எழுத்துப் பெட்டியை மூடேக்க, 'பழகிற பெடியனுக்குக் குடுங்கோ' எண்டுதான் குடுத்தவர்."

அன்றிரவு நான் உறங்கவில்லை. அண்ணரின் மூளைத்தண்டு ஆராயப்பட்டிருந்தால், எது நிகழ்ந்தது என்று தெரிந்திருக்கக்கூடும். கபிலப் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை இருந்ததா, இல்லையா என்பதை எவரேனும் எண்ணியிருப்பார். கலங்கள் இல்லாத இடத்தில், விழித்திருந்து உலுக்கினாலும் அந்த இரவு இல்லாவிட்டால் இன்னோர் இரவு அதுவே நிகழ்ந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதி அண்ணியிடம் கொடுத்திருக்கலாம். இப்போது என்னால் கொடுக்க முடிந்தது ஓர் அனுமானம் மட்டுமே. அந்த அனுமானத்தையும், எங்கோ ஒரு நாட்டில், துயரத்தின் உச்சத்தில் நின்றுகொண்டு ஆம் என்று சொன்ன யாரோ சிலரின் குடும்பங்கள்தான் எனக்குத் தந்திருக்கின்றன. எனக்கு அவர்களின் பெயர் தெரியாது. ஆய்வுக்கட்டுரைகளில் அவர்களுக்கு இலக்கங்களும் வயதும் மட்டுமே உண்டு.

கடந்த மாதம் என் மனைவியையும் மகளையும் அமரச் செய்து, என் உடலை மருத்துவ பீடமொன்றிற்கு வழங்குவதென்றும், மூளையை ஆய்வுக்கு எவரேனும் கேட்டால் மறுக்க வேண்டாம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மகள் ஏதும் சொல்லாமல் அதனை மடித்து அலுமாரியில் வைத்தாள். மனைவி, "அண்ணிக்கும் ஒருக்காச் சொல்லி வையுங்கோ" என்றார். தொலைபேசியில் சொன்னேன்.

மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. "எனக்கும் அந்தக் கடுதாசி ஒண்டு எழுதித் தாங்கோ" என்றார் அண்ணி. வரும் ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குச் செல்ல இருக்கிறேன்.